சின்னப் படி

2017 கடைசியில் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். சென்னைக்கு அனுப்ப எழுதியது. இன்னும் என் பீரோவில்தான் கிடக்கிறது.

அந்த வருஷம் புதிய பாடத்திட்டத்தின் வரைவை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று பள்ளிக் கல்வித் துறை கேட்டிருந்தது. பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு வேலை செய்துகொண்டிருந்தது. என்னைப் போன்ற ஒன்றியப் பள்ளி இடைநிலை ஆசிரியையிடம் மேலிடத்திலிருந்து கருத்துக் கேட்பது அபூர்வம். விடுவேனா? சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

கடிதத்தின் சாரம் ஒன்றுதான். மலைப் பள்ளிகளுக்கு வேறு அளவு வையுங்கள். 3ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஒரு பத்தியை நிறுத்திப் படிக்க வேண்டும், மூன்றிலக்க எண்ணைக் கூட்டிக் கழிக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். சேலம் டவுனில் நடக்கும். இங்கே நடக்காது. எங்களுக்கு 3ஆம் வகுப்பில் இரண்டிலக்கம் போதும், பத்திக்குப் பதில் இரண்டு வரி போதும் என்று வையுங்கள்.

காரணங்களையும் அடுக்கியிருந்தேன். இப்போது எடுத்துப் படித்தாலும் ஒரு காரணம்கூடப் பொய்யில்லை.

எங்கள் பள்ளி ஏற்காடு டவுனுக்கும் மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, டவுனில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அந்த வண்டி வந்தால் வந்தது. ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. ஐந்து வகுப்பு. 1, 2ஆம் வகுப்புகளுக்கு நாலு பாடம், 3, 4, 5க்கு ஐந்து பாடம். கூட்டிப் பாருங்கள், 23 வரும். மாதத்தில் சில நாள் தலைமை ஆசிரியர் ஏதாவது கூட்டத்துக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விடுவார். அன்றைக்கு 23 பாடமும் எனக்கு.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. எடைக்குக் கூலி என்பதால் வீட்டில் இருக்கிற கைகள் எல்லாம் தோட்டத்துக்குப் போகும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள 4ஆம் வகுப்பு அக்காவை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மிளகு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. நல்லவேளை, அது லீவில் வரும். இதற்கு நடுவில் மழை, பனி. பனி இறங்கினால் காலை 11 மணிக்கும் கரும்பலகை தெரியாது. கரண்ட் இருந்தால் டியூப்லைட் போடலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் நாலு பேரிடம் படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. பாராட்டு வாங்கலாம் என்று தோன்றியது என்பதுதான் உண்மை. அந்த மாதம் குறுவள மையக் கூட்டம் எங்கள் பள்ளியில் நடந்தது. சுற்று வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ‘சரியாச் சொன்னீங்க டீச்சர், இதத்தான் நானும் நெனச்சேன்’ என்றார் ஒருவர்.

சத்துணவு ஆயாம்மா டீ கொண்டு வந்திருந்தார். தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போல. அவர் பேத்தி அப்போது என்னிடம் 3ஆம் வகுப்பு.

“ஏங்க டீச்சர், ரேசன் கடையில எங்க ஊருக்கு மட்டும் சின்னப் படியில அளந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

படி என்றால் என்னவென்று இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் தாத்தா செவ்வாய்பேட்டையில் ஒரு தானிய மண்டியில் கணக்கு எழுதியவர். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்று எனக்கு வாய்ப்பாடு போலச் சொல்லித் தந்திருக்கிறார். ஆனால் அந்தப் படியே ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி பெரிது, சின்னப் படி சிறிது. சில வியாபாரிகள் வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு ஒரு படியும் வைத்திருப்பார்களாம். யாரிடம் எந்தப் படியை எடுக்க வேண்டும் என்பது ஆளைப் பார்த்ததுமே தெரியும் என்பார் தாத்தா. மலையிலிருந்து சாமையும் கேழ்வரகும் தலைச்சுமையாகக் கொண்டு வந்தவர்களிடம் எந்தப் படியில் வாங்கியிருப்பார்கள், எந்தப் படியில் உப்பு விற்றிருப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 1958லிருந்து கிலோ, லிட்டர் என்று சட்டமாக வந்த பிறகும் ஊர்ப்பக்கத்தில் படி ஒழிய ரொம்ப நாள் ஆயிற்று.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தது. 2010 வரை தமிழ்நாட்டில் நாலு படி. மாநிலப் பாடத்திட்டம் ஒன்று, மெட்ரிகுலேஷன் ஒன்று, ஆங்கிலோ இந்தியன் ஒன்று, ஓரியண்டல் ஒன்று. எங்கள் தெருவில் மெட்ரிக் பள்ளிக்குப் போகிற பையன் 4ஆம் வகுப்பிலேயே தடிமனான புத்தகம் வைத்திருப்பான். நான் நடத்துகிற புத்தகத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா ஆன்ட்டி?’ என்று கேட்டிருக்கிறான். 2006இல் முன்னாள் துணைவேந்தர் முத்துக்குமரன் தலைமையில் குழு போட்டு, 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, முதலில் 1ஆம் வகுப்புக்கும் 6ஆம் வகுப்புக்கும் பொதுப் புத்தகம் வந்தது. மறு வருஷம் ஆட்சி மாறியது. மற்ற வகுப்புகளுக்கு எந்தப் புத்தகம் என்பது நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர்தான் என்று சொல்லும் வரை பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை.

அந்த இரண்டு மாதத்தை நான் மறக்க மாட்டேன். அப்போது வேறொரு மலைப் பள்ளியில் இருந்தேன். கீழ் வகுப்புகளுக்குக் கற்றல் அட்டைகள் இருந்தன. 5ஆம் வகுப்புக்குத்தான் ஒன்றும் இல்லை. புத்தகம் இல்லாமல் நான் என்ன சொல்லித் தர வேண்டும் என்று யோசித்தபோதுதான், இந்தப் பிள்ளை வருஷக் கடைசியில் என்ன தெரிந்து வெளியே போக வேண்டும் என்ற கேள்வியை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன். அதுவரை ‘எத்தனை பாடம் முடிந்தது’ என்ற கேள்விதான் எனக்குத் தெரியும். அதிகாரிகள் வந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

உண்மையில் அந்த முதல் கேள்விக்குப் பதில் எழுதி வைப்பதுதான் மாநில அளவில் தரம் நிர்ணயிப்பது என்பது. எத்தனை பேர் வந்து எத்தனை முறை எழுதினார்கள் என்று என் பீரோவைத் திறந்தால் தெரியும்.

உத்தமசோழபுரத்தில், டயட் என்கிற மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படித்தபோது எங்களுக்கு எம்.எல்.எல். என்று ஒன்று இருந்தது. குறைந்தபட்சக் கற்றல் அளவு. 1990 வாக்கில் தவே குழு தேசிய அளவில் கொடுத்தது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு எண். அந்த எண்களைப் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டார்கள். எண்களை நன்றாக மனப்பாடம் செய்தேன். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது அப்போது தலையில் ஏறவில்லை.

அப்புறம் வந்தது செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலைப் பள்ளிக்கு வந்த திட்டங்களிலேயே எங்கள் நிலைமையைத் தெரிந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது அது ஒன்றுதான். சுவரில் ஏணி ஒட்டுவோம். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, அட்டையில் யானை, முயல், பூ என்று ஒரு படம். பிள்ளை தன் அட்டையை முடித்துவிட்டு அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். பாயில் வட்டமாக உட்கார்ந்து, சுவரோரத்தில் தரைக்குப் பக்கத்தில் அடித்த கரும்பலகையில் எழுதும். மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததெல்லாம் தொங்கும். காப்பிப் பறிப்புக்கு மூன்று வாரம் போய்விட்டு வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடங்கலாம். வகுப்பு ஓடிப்போயிருக்காது. ஒரே அறையில் நாலு வகுப்பு இருப்பது இதில் குறையே இல்லை.

முதல் நாள் ஏணியை ஒட்டியபோது ஒரு பையன் கேட்டான், “இது மொளகு ஏணிங்களா டீச்சர்?” மிளகு பறிக்க ஒற்றை மூங்கிலில் ஏறுவார்கள். கணு இருக்கிற இடத்தில் கால் வைக்க வேண்டும். கணு இல்லாத இடத்தில் வைத்தால் வழுக்கும். ஆமாம்டா, அதுதான் என்றேன்.

அந்தத் திட்டத்திலும் குறை இருந்தது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வர மாதக்கணக்கு ஆகும். சில பிள்ளைகள் அட்டையை நகர்த்துவதில் கெட்டிக்காரர்களாகி, படிப்பதில் அப்படியே இருந்தார்கள். வேறு சில ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. சரி.

பிறகு 2012-13இல் முப்பருவமும் தொடர் மதிப்பீடும் வந்தன. வகுப்பு நடக்கும்போதே அவ்வப்போது பார்க்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவக் கடைசியில் வைக்கிற தொகுத்தறித் தேர்வுக்கு 60. புத்தகம் மூன்றாகப் பிரிந்ததால் பை எடை குறைந்தது, அது நல்லது. பதிவேடு எழுதியே கை வலித்தது. 2017இல் தேசிய அளவில் கற்றல் விளைவுகள் என்று ஒரு பட்டியல் வந்தது. 2018இலிருந்து புதிய புத்தகங்கள் வந்தன. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. 8 வயதுக்குள் எந்தப் பிள்ளையும் பிழையில்லாமல் படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. 3ஆம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளை அரும்பில் இருந்தால் அரும்புப் பயிற்சிதான். பெயரை மாற்றிக்கொண்டு என் பழைய ஏணி திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் இளம்பெண், அவருக்கு ஏணி தெரியாது.

ஆயாம்மா கேட்டதற்கு வருகிறேன். அதை நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘அரிசி வேறு, படிப்பு வேறு ஆயாம்மா. அரிசியைக் கொட்டினால் சாக்கில் விழும். படிப்பு அப்படியா?’

என் எண்ணம் மாறியது இரண்டு சின்ன விஷயங்களால்.

ஒன்று, ஒரு மதிப்பீட்டுத் தாள். எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். படத்தைப் பார்த்து ஒரு சொற்றொடர் எழுதுக. படத்தில் கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். எங்கள் பையன் எழுதியிருந்தான்: ‘மலை மேல் செல்போன் டவர் உயரமாக இருக்கிறது.’ ‘ற’ சரி, ‘ய’ சரி, முற்றுப்புள்ளி உண்டு. விடைக்குறிப்பில் கலங்கரை விளக்கம், கடல், கப்பல் என்று சொற்கள் இருந்தன. திருத்தியவர் தவறு போட்டுவிட்டார். அந்தப் பையன் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் மாநிலம் கேட்ட தரம் என்ன? படத்தைப் பார்த்துச் சொந்தமாக ஒரு சொற்றொடர் எழுத வேண்டும். அவன் எழுதிவிட்டான். தரத்தில் கோளாறு இல்லை, கேள்வித்தாளில்தான் கோளாறு. நான் இத்தனை வருஷமாக இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்பது தரம். அதற்கு எந்த வரிசையில் போவது என்பது பாடத்திட்டம். புத்தகம் ஒரு வண்டி. பரீட்சை ஒரு தராசு. தராசு சரியில்லை என்பதற்காகப் படியைச் சின்னதாக்கச் சொல்லி நாலு பக்கம் எழுதியிருந்தேன்.

இரண்டாவது, பின்னம். 4ஆம் வகுப்பில் ஒரு பையன். 1/2, 1/4 இரண்டில் எது பெரிது என்றால் 1/4 என்பான். ஏன் என்றால், ‘நாலு பெருசுதானுங்களே.’ வட்டம் வரைந்து, காகிதம் மடித்து, தோசை படம் போட்டு, என்னென்னவோ செய்தேன். அடுத்த நாள் 1/4 என்பான். இவனுக்கு இது வராது, மலைக்கு இந்தக் கணக்கு வேண்டாம் என்று நான் நினைத்ததே இவனை மாதிரி ஆட்களால்தான்.

ஒரு சாயங்காலம் வண்டி வரவில்லை. தோட்டத்து வாசலில் காப்பிப் பழம் எடை போடுகிற இடத்தில் நின்றிருந்தேன். அவன் அம்மாவின் மூட்டை தராசில் ஏறியது. மேஸ்திரி “முப்பத்தொண்ணேகால்” என்று சொல்லி நோட்டில் எழுதப் போனார். இவன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், எட்டிப் பார்த்துவிட்டு, “இல்லீங்க, அரை. முப்பத்தொண்ணரை” என்றான். மேஸ்திரி மறுபடி பார்த்தார். அரைதான். திருத்தி எழுதினார். அவன் என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தான்.

மறுநாள் பலகையில் 1/4 என்று எழுதி, கீழே ‘கால்’ என்று எழுதினேன். 1/2க்குக் கீழே ‘அரை’. 3/4க்குக் கீழே ‘முக்கால்’. எது பெரிது என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. “அரை பெருசு டீச்சர். கால்னா கூலி கொறயும்.” காலும் அரையும் வீசமும் மாகாணியும் வைத்து வாழ்ந்த மொழியில் உட்கார்ந்துகொண்டு, ‘நான்கில் ஒரு பங்கு’ என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தவள் நான். அளவைக் குறைக்கத் தேவையே இருக்கவில்லை.

அதற்காக, எல்லாம் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது என்று மேடைப் பேச்சுப் பேச வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எனக்கு ஒரு வாதம் உண்டு, அதை விடமாட்டேன். பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுகிறோம். பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணையாக இருக்கிறது. 1 முதல் 5 வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல். 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர். கழிப்பறை, குடிநீர், நூலகம், மைதானம். அதே சட்டத்தின் 29ஆம் பிரிவில்தான் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டையும் வகுக்கிற பொறுப்பு மாநிலத்தின் கல்வி அமைப்புக்கு என்று இருக்கிறது. இங்கே அது எஸ்.சி.இ.ஆர்.டி. என்கிற மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம். ஒரே சட்டம். 29ஆம் பிரிவுக்குப் பயிற்சி மேல் பயிற்சி நடக்கிறது. அட்டவணையைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை.

60 வரை இரண்டு ஆசிரியர் என்பதுகூட ஒரு சின்னப் படிதான் என்பேன். 41 பிள்ளைக்கு இரண்டு பேர் என்றால் தாளில் தாராளம். அந்த 41 பேரும் ஐந்து வகுப்பாக இருக்கிறார்கள் என்பதைத் தலை எண்ணிப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

அளக்கிற நாளையும் பார்க்க வேண்டும். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. நவம்பர் 12ஆம் தேதி தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. 3, 5, 8, 10ஆம் வகுப்புகளுக்கு. அன்றைக்கு 3ஆம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை 1ஆம் வகுப்பையே முழுதாக முடிக்காதது. 2ஆம் வகுப்பைக் கண்ணாலேயே பார்க்காதது. தேர்வுக்கு எடுத்த பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளி இல்லை. கீழே, சேலத்தில் என் தோழியின் பள்ளி இருந்தது. ஒரு பிள்ளை அன்றைக்கு ‘இது எந்த கிளாஸ் மிஸ்?’ என்று கேட்டதாம். அந்தத் தேர்வின் முடிவை வைத்து எந்த மாநிலம் மேலே, எந்த மாநிலம் கீழே என்று தொலைக்காட்சியில் சண்டை போட்டார்கள். நான் சேனலை மாற்றிவிட்டேன்.

2025 பிப்ரவரியில் மாநில அரசே தனியாக 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு அடைவு ஆய்வு நடத்தியது. அதன் பிறகு 6 முதல் 9 வரை, அடிப்படை விட்டுப்போன பிள்ளைகளுக்குத் ‘திறன்’ என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. இது சரியான வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது. அளந்து, குறைந்த இடத்தில் ஊற்ற வேண்டும். குறைந்த இடத்துக்கு ஆளும் வர வேண்டும் என்பது மட்டும் என் பழைய பாட்டு.

ஆயாம்மாவின் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அவளிடம் நான் அளவைக் குறைக்கவில்லை. 5ஆம் வகுப்பு முடிக்கும்போது தமிழ் தடையில்லாமல் படிப்பாள், கணக்கு சுமார், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான். 2020இல் 6ஆம் வகுப்பு சேர்ந்தாள். சேர்ந்தாள் என்பது பேருக்குத்தான், பள்ளி மூடிக் கிடந்தது. சித்தப்பாவின் போனை வைத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் சிக்னல் தேடியே அந்த வருஷத்தை முடித்தாள். 7ஆம் வகுப்பு நடுவில்தான் சேலத்து விடுதியில் போய்ச் சேர்ந்தாள். முதல் மாதம் போன் செய்து அழுதாள். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்களாம், பாதியில் நின்றுவிட்டாளாம். “நீ மலையா, பரவால்ல உக்காருன்னு சொல்லிட்டாங்க டீச்சர்” என்றாள். அந்தப் ‘பரவால்ல’தான் அவளை அழ வைத்திருக்கிறது. அந்த நாலு பக்கத்தில் நான் எழுதியதும் இதே ‘பரவால்ல’தான். நானும் பதிலுக்கு எதுவும் சொல்ல முடியாமல் போனை வைத்தேன்.

2025இல் அவள் பிளஸ் 1 சேர்ந்தாள். 2017-18இல், நான் அந்தக் கடிதம் எழுதிய அதே வருஷத்தில்தான், பிளஸ் 1க்குப் பொதுத்தேர்வு வந்தது. பல பள்ளிகளில் 11ஆம் வகுப்பிலேயே 12ஆம் வகுப்புப் பாடத்தை நடத்திவிடுகிறார்கள், 11ஐத் திறப்பதே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2025 ஆகஸ்ட் 8 அன்று வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு பாரம் என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் 2017இல் சொன்ன காரணம் எங்கே போயிற்று என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

செய்தி வந்து அடுத்த திங்கட்கிழமை காலையில் ஆயாம்மா அரிசி டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார். “பிளஸ் ஒன்னுக்குப் பரீட்சை எடுத்துட்டாங்களாமே டீச்சர். படிய சின்னதாக்கிட்டாங்களா?”

“இல்லீங்க ஆயாம்மா. பாடம் அதே பாடம்தான். பள்ளிக்கூடத்துலயே பரீட்சை வெப்பாங்க. அரசாங்கம் வந்து அளக்காது, அவ்வளவுதான்.”

“அளக்காம எப்படிங்க தெரியும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “நல்லா நடத்துற பள்ளிக்கூடம்னா நடத்துவாங்க” என்றேன். எனக்கே அது ‘பரவால்ல’ மாதிரி கேட்டது.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. அதற்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளர் வைத்திருக்கிறார், எடைக்கு ஈடாக உள்ளே ஆணியால் கோடு கீறியது. அன்றைக்கு மழை, மூன்று பேர் வரவில்லை.

“முப்பத்தெட்டுங்களா டீச்சர்?”

“முப்பத்தெட்டு.”

தம்ளரை அரிசிக்குள் விட்டு எடுத்து, விரலால் தலை தட்டி, ஒன்று என்று சொல்லி அண்டாவில் போட்டார்.